ஓட்மாருக்கு மட்டும் ஈஸ்டர்

சகோதரர் ஓட்மாருக்கு இரண்டு பலவீனங்கள். ஒன்று முட்டை, மற்றொன்று கணக்கு. இரண்டில் எதைத் தொட்டாலும் முடிக்காமல் எழுந்திருக்க மாட்டார். வாத்துக் கொழுப்பில் பொரித்த முட்டை நான்கைத் தின்றுவிட்டு, பக்கத்து ஆள் மிச்சம் வைக்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். ரைன் ஆறு கடலை நெருங்கிச் சோம்பிப் படுக்கும் அந்தத் தட்டை நிலத்தில், ஹைலிகென்வெர்ட் மடத்துத் துறவிகள் நாற்பது பேருக்கும் அவரைப் பிடிக்கும். சாப்பாட்டில் ஆசையுள்ளவனைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை.

மடத்தில் அவருக்கு இட்ட வேலை நாள் பார்ப்பது. வருஷா வருஷம் ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று பூசை நடுவில் எழுந்து நின்று, இந்த வருஷம் ஈஸ்டர் இன்ன தேதி என்று அறிவிப்பார். தவக்காலம் எப்போது தொடங்கும், எதுவரை முட்டையும் பாலும் வெண்ணெயும் இறைச்சியும் கூடாது என்பதெல்லாம் அந்தத் தேதியிலிருந்துதான் பிறக்கும். மடம் மட்டுமல்ல, ஆற்றங்கரைக் கிராமங்கள் ஒன்பதும் அவர் வாயைப் பார்த்துத்தான் வயிற்றைக் கட்டின. விதி பழையது. வசந்தத்தில் பகலும் இரவும் சமமாகும் நாள், அதன் பிறகு வரும் முழுநிலவு, அதற்கடுத்த ஞாயிறு. அந்தச் சமநாள் மார்ச் இருபத்தொன்று என்று திருச்சபை என்றைக்கோ எழுதி வைத்துவிட்டது. அதை வைத்துப் போட்ட அட்டவணையில் விரலை ஓட்டினால் தேதி வந்துவிடும். வானத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

ஓட்மார் பார்த்துத் தொலைத்தார்.

பார்க்க வைத்ததும் கோயில்தான். மடத்தைக் கட்டிய முதல் துறவிகள், சமநாளன்று சூரியன் எழும் திசைக்கு நேராகக் கயிறு பிடித்துக் கோயிலுக்கு அடித்தளம் போட்டவர்கள். கிழக்கே பீடத்துக்கு மேல் ஒரு வட்டச் சன்னல். மேற்கே கதவுக்கு மேல் ஒரு சிலுவைக் கல். சமநாள் காலையில் சூரியன் எழும்போது சன்னல் வழியாக வரும் ஒளி, கோயிலின் முழு நீளத்தையும் கடந்து அந்தக் கல்லின் நடுவில் போய் விழும். மற்ற நாட்களில் வடக்கேயோ தெற்கேயோ தள்ளி விழும். காலைச் செபத்தில் எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போது ஓட்மார் அதைக் கவனித்தார். ஒளி கல்லில் விழுந்த நாள் மார்ச் பதின்மூன்று. இருபத்தொன்றாம் தேதி அது தெற்கே முழுசாக ஒரு முழம் நகர்ந்துவிட்டிருந்தது. ஒன்பது வருஷம் விடாமல் பார்த்து, ஒரு சிறிய தோல் ஏட்டில் குறித்து வைத்தார். ஒன்பது வருஷமும் பதின்மூன்றுதான்.

எட்டு நாள் பிசகு. பல வருஷங்களில் அதனால் பெரிய சேதம் வராது, முழுநிலவு அந்த எட்டு நாளுக்கு வெளியே விழுந்துவிடும். இந்த வருஷம் சரியாக உள்ளே விழுந்தது. வானத்தின்படி ஈஸ்டர் மார்ச் இருபது. அட்டவணையின்படி ஏப்ரல் இருபத்துநான்கு. ஐந்து வாரம் வித்தியாசம். மூன்று ராஜாக்கள் திருநாளன்று ஓட்மார் எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏப்ரல் இருபத்துநான்கு என்றார். அன்று இரவு அவர் முட்டையை மிச்சம் வைத்தார். சமையல்கார ரூட்கர் அதைப் பார்த்துவிட்டு, அண்ணனுக்குக் காய்ச்சல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

காய்ச்சல் அல்ல, மனசாட்சி. மூன்று வாரம் அரித்தது. மடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் குற்றம் சொல்லும் கூட்டம் உண்டு. ஒவ்வொருவராகத் தரையில் விழுந்து, அந்த வாரம் செய்த குற்றத்தைத் தன் வாயால் சொல்ல வேண்டும். மடத்துத் தலைவரான அதிபர் அதற்கு ஒரு பரிகாரம் விதிப்பார். செபத்தில் தூங்கினேன், கிண்ணத்தை உடைத்தேன், இப்படித்தான் பெரும்பாலும் போகும். ஜனவரி கடைசி வெள்ளியன்று ஓட்மார் விழுந்தார். உலகத்தில் வேறு எந்த மனிதனும் இதைச் செய்திருக்க மாட்டான். மேலிடத்துக்கு மனு எழுதியிருப்பான், நண்பனிடம் சொல்லியிருப்பான், அல்லது வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பான். மடத்துக்காரருக்குத்தான் உண்மை தெரிந்தாலும் அதைத் தன் பாவமாகச் சொல்லத் தோன்றும்.

"நான் பொய் சொல்லிட்டேன் சாமி. இந்த வருஷம் ஈஸ்டர்னு சொன்ன தேதி தப்பு. தப்புன்னு தெரிஞ்சேதான் சொன்னேன்."

அதிபர் வால்ராம் பாரிஸில் படித்தவர். மெலிந்த மனிதர், சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. கடுமையான பரிகாரம் கொடுக்கும்போது குரல் இன்னும் மெதுவாகிவிடும்.

"எவ்வளவு தப்பு ஓய்?"

"அஞ்சு வாரம், சாமி."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அதிபர் சிரிக்கவில்லை. சமநாள் எப்போது, நிலவு எப்போது, எதை வைத்துச் சொல்கிறீர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஓட்மார் தரையில் குப்புறக் கிடந்தபடியே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். வானத்தின் கணக்குப்படி தவக்காலம் எப்போது தொடங்க வேண்டும் என்று கடைசியாகக் கேட்டார் அதிபர்.

"வர்ற புதன்கிழமை. பிப்ரவரி ரெண்டு, மெழுகுவர்த்தித் திருநாள் அன்னிக்கு."

"அப்ப இந்தக் கூடத்துல இருக்கிற எல்லாரும் தவக்காலத்துல முட்டை திங்கப் போறாங்க. நீரு சொன்ன பொய்யால. அப்படித்தானே?"

"ஆமா சாமி."

"பாவத்த ஒத்துக்கிட்டீரு, சந்தோஷம். பரிகாரம் வேணும்ல. புதன்கிழமையிலேர்ந்து உம்ம தவக்காலத்த நீரு கடைப்பிடியும். ஒரு வேளைச் சாப்பாடு, ரொட்டி, பட்டாணித் தண்ணி. எங்க தவக்காலம் நமக்கு மேல இருக்கிற ஆயர் கடுதாசிப்படி மார்ச் ஒன்பதுல தொடங்குது. நீரும் இந்த மடத்து ஆளுதானே. அதையும் கடைப்பிடியும்."

இரண்டையும் சேர்த்தால் எண்பத்தொரு நாள். கூட்டத்தில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஓட்மார் மட்டும் எழுந்தபோது முகம் மலர்ந்திருந்தார். கிறுக்கு மனிதர். நேராக அடுப்படிக்குப் போய், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ரூட்கரிடம் விஷயத்தைச் சொன்னார்.

"உம்ம தவக்காலம்னு சொன்னாரு ரூட்கர். எங்க தவக்காலம், உம்ம தவக்காலம்னு பிரிச்சுச் சொன்னாரு. அப்படின்னா என் கணக்கு நிக்குதுன்னுதானே அர்த்தம். தப்புன்னா அங்கேயே தப்புன்னு சொல்லியிருப்பாருல்ல."

ரூட்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அண்ணே, அவரு உங்க கணக்க எடுத்துக்கல. உங்க வயித்த எடுத்துக்கிட்டாரு. எது உங்களுக்கு உயிருன்னு அவருக்குத் தெரியாதா?"

"நீ படிக்காதவன். உனக்கு இதெல்லாம் புரியாது."

"படிக்காததால புரியுதுண்ணே."

மெழுகுவர்த்தித் திருநாளன்று மடத்தில் முட்டை ஊற்றிய மாவு ரொட்டி சுடுவது வழக்கம். ஓட்மாரை அதிபர் தன் மேசைக்கு எதிரே தனியாக உட்கார வைத்தார், மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்க்கட்டும் என்று. முதல் இரண்டு வாரம் அவர் தாக்குப்பிடித்தார். உண்மைக்காகப் பட்டினி கிடக்கிறோம் என்ற நினைப்பே பாதி வயிற்றை நிரப்பியது. மூன்றாம் வாரத்தில் அந்த நினைப்பும் ஜீரணமாகிவிட்டது. நான்காம் வாரம் பாட்டு நடுவில் தலை சுற்றி உட்கார்ந்தார். தவக்காலத்துக்கு முந்தைய கொண்டாட்ட வாரம் வந்தபோது, மற்றவர்கள் மூக்குப்பிடிக்கத் தின்றுவிட்டு அவர் தோளைத் தட்டிக்கொண்டு போனார்கள்.

"ஓட்மாரு, உங்க ஊர்ல இப்ப பெரிய வெள்ளிக்கிழமையா?"

"மெல்லக் கேளுங்கப்பா. அவரு ஊர்ல ஏசுநாதரு இன்னும் எருசலேம் போய்ச் சேரல."

நல்லவர்கள்தான் இதையெல்லாம் பேசினார்கள். காய்ச்சல் கண்டால் ராத்திரி முழுக்க விழித்துக் காலைப் பிடித்துவிடக்கூடியவர்கள். ஆனால் ஒருவனைக் கேலி செய்யலாம் என்று மேலிருந்து அனுமதி வந்துவிட்டால், நல்லவர்கள் கொஞ்சமும் கூச்சப்படுவதில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மார்ச் ஒன்பதில் மற்றவர்களும் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு பட்டாணித் தண்ணீருக்கு வந்தார்கள். பதின்மூன்றாம் தேதி காலை, சூரியன் எழுவதற்குச் சற்று முன்னால், ஓட்மார் சுவரைப் பிடித்துப் பிடித்துக் கோயிலுக்குள் போனார். அங்கே அதிபர் ஏற்கனவே நின்றிருந்தார். தனியாக. இருவரும் மேற்குச் சுவரைப் பார்த்தார்கள். வட்டச் சன்னலில் வெளிச்சம் ஏறியது. ஒளி கதவுக்கு மேலே, சிலுவைக் கல்லின் நட்டநடுவில் விழுந்தது. கல்லில் பதித்திருந்த பழைய ஈயம்கூட மினுங்கியது.

ஓட்மாருக்கு அழுகை வந்தது. "பாருங்க சாமி. கோயிலே சொல்லுது."

"பாத்தேன். பாரிஸ்லேயே இதப் படிச்சிருக்கேன். அங்க பத்து வாத்தியாருக்கு இது தெரியும். ரோமாபுரிக்கும் தெரியும்."

"தெரியுமா?"

"ரொம்ப காலமாத் தெரியும்."

"அப்புறம் ஏன் சாமி?"

அதிபர் அவர் தோளில் கை வைத்தார். பாசமாகத்தான் வைத்தார் என்று சொல்ல வேண்டும். "அந்தக் கிராமத்துக்காரன் நாப்பது நாள் வயித்தக் கட்டுறான். எதுக்கு? அவன் பாட்டன் கட்டினான், கொலோன்ல இருக்கிறவன் கட்டுறான், ஸ்பானியாவுல இருக்கிறவனும் அதே நாள்ல கட்டுறான். நாள் தப்புன்னு போய்ச் சொன்னா, அவன் நாள மட்டுமா சந்தேகப்படுவான்? செத்துப்போன அவன் ஆத்தாளுக்கு நாம ஓதின செபத்தையும் சந்தேகப்படுவான். எல்லாரும் சேந்து வைக்கிற தப்பு, ஒத்த ஆளு வைக்கிற சரியவிட எவ்வளவோ மேல் ஓய்."

"திருத்தலாமே. மேல எழுதலாமே."

"எழுதுவாங்க. என்னிக்காவது, எழுத வேண்டியவங்க. நீரு இல்ல. அந்த ஏட்டக் கொடும்."

ஓட்மார் கொடுத்தார். கொடுக்காமல் இருந்திருக்கலாம் என்று படிக்கிறவர்கள் நினைக்கலாம். முப்பது வருஷம் கீழ்ப்படிந்த கை அது, கேட்டால் நீளும். அதிபர் ஏட்டை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை உமக்கு ஈஸ்டர் இல்லையா? விருந்து வைக்கிறேன். திங்காம எழுந்தீருன்னா, கணக்கு தப்புன்னு ஒத்துக்கிட்டதா எல்லாரும் எடுத்துக்குவோம். தின்னீருன்னா, தின்னதுதான்."

அந்த ஆறு நாளும் ஓட்மார் யோசித்தார். சாப்பிடாவிட்டால் ஒன்பது வருஷம் பார்த்த ஒளி பொய்யாகிவிடும். சாப்பிட்டால், திருச்சபையின் தவக்காலத்தில் நாற்பது பேர் முன்னால் முட்டை தின்ற பதிதன், சபையின் விதியையே மறுத்தவன். பதிதன் என்றால் ஆயர் விசாரிப்பார், சிறையறை, அதற்கு மேலும் போகலாம். ஆனால் விசாரணை என்று வந்தால் யாராவது ஒருத்தர் கேட்டே ஆக வேண்டும், எதற்காகத் தின்றாய் என்று. அப்போது கணக்கைச் சொல்லலாம். எழுத்தர் எழுதுவார். எழுதினது எங்கேயாவது இருக்கும். சாப்பிடுவது என்று முடிவு செய்தார். சாப்பிடும் முன் எழுந்து நின்று, ஈஸ்டர் காலையில் சொல்வது போல, "கிறிஸ்து இன்று உயிர்த்தார்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். அதன் பிறகே முதல் வாய். அப்போதுதான் அது சாட்சி. ஆறு நாளும் அந்த மூன்று சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையாகக் கறுப்பு ரொட்டி, பட்டாணி. ஓட்மாரின் இடத்தில் மட்டும் வெள்ளைத் துணி விரித்திருந்தது. ரூட்கர் தட்டைக் கொண்டு வந்தான். வாத்துக் கொழுப்பில் பொரித்த முட்டை நான்கு, ஓரம் முறுகி, மஞ்சள் கரு உடையாமல். கோதுமை ரொட்டி. வைத்துவிட்டு அவன் நிமிர்ந்து பார்க்காமல் போய்விட்டான். வழக்கப்படி சாப்பாட்டின்போது புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தவரை அதிபர் கையமர்த்தி நிறுத்தினார்.

கூடம் முழுக்க அந்த வாசனை பரவியது. நாற்பத்தேழாவது நாள்.

ஓட்மார் எழுந்து நிற்கத்தான் போனார். அதற்குச் சாட்சி சொல்ல அவர் முழங்கால்களைத் தவிர வேறு யாரும் இல்லை. இரண்டு கையையும் மேசையில் ஊன்றினார், எழுவதற்கு. ஊன்றிய கைக்கு அருகில் தட்டு இருந்தது. பிறகு என்ன நடந்தது என்று அவருக்கே சரியாகத் தெரியாது. வாயில் முட்டை இருந்தது. அது இறங்கும் முன்னே இரண்டாவது இருந்தது. சொல்ல வேண்டிய மூன்று சொல்லும் தொண்டையில்தான் இருந்தன, ஆனால் வழியில் முட்டை. மூன்றாவது, நான்காவது. விரலால் அள்ளினார். ரொட்டியைப் பிய்த்துத் தட்டில் கொழுப்பைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார். கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது. தட்டு பளபளவென்று ஆன பிறகுதான் நினைவு வந்து எழுந்தார்.

"கிறிஸ்து இன்று உயிர்த்தார்" என்றார். தாடையில் மஞ்சள் கரு வழிந்திருந்தது.

கூடமே வெடித்துச் சிரித்தது. நாற்பது பேரும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். அதிபர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, மடத்துப் பதிவேட்டை வைத்திருந்தவரைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"எழுதுங்க. சகோதரர் ஓட்மார், தவக்காலத்துல, பெருந்தீனி."

ஓட்மாருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மேசையைச் சுற்றி ஓடி வந்து அதிபரின் காலடியில் விழுந்தார். "இல்ல சாமி. பசிக்காகத் திங்கல. கணக்குக்காகத் தின்னேன். என்னப் பதிதன்னு எழுதுங்க. ஆயர்கிட்ட அனுப்புங்க. சிறையில போடுங்க. தயவு பண்ணி பதிதன்னு எழுதுங்க சாமி."

அதிபர் குனிந்தார். அவர் சொன்னது ஓட்மாருக்கு மட்டுமே கேட்டது.

"பதிதன்னு எழுதினா, என்ன கணக்குன்னு ஆயர் கேப்பாரு. பெருந்தீனின்னு எழுதினா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. போய் முகத்தக் கழுவும் ஓய்."

பரிகாரம் சிறியதுதான். சிறையும் இல்லை, சவுக்கும் இல்லை. ஏப்ரல் இருபத்துநான்கு வரை மிச்சத் தவக்காலத்தை எல்லோரையும் போல முடிக்க வேண்டும். உயிரோடு இருக்கும்வரை வெள்ளிக்கிழமைதோறும் தரையில் விழுந்து, நான் வயிற்றுக்காகத் தின்றேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். ஈஸ்டர் தேதியையும் வழக்கம் போல அவரே அறிவிக்க வேண்டும். அந்தக் கோடையில் கொத்தனார் வந்து, காற்று அடிக்கிறது என்ற காரணம் சொல்லி, பீடத்துக்கு மேலிருந்த வட்டச் சன்னலைச் செங்கல் வைத்து அடைத்தான். சாந்துக் கூடையைச் சுமந்து கொடுத்தவர் ஓட்மார்.

முதல் வருஷம் வெள்ளிக்கிழமைகளில் அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். இரண்டாம் வருஷம் வேகமாகச் சொல்லி முடித்தார். மூன்றாம் வருஷம் மற்றவர்கள் கிண்ணம் உடைத்ததைச் சொல்வது போலவே சாதாரணமாகச் சொன்னார்.

அந்த மூன்றாம் வருஷம், ஈஸ்டர் முடிந்த மறுநாள், அடுப்படியில் ரூட்கர் கொழுப்பு ஜாடிகளை இறக்கிக்கொண்டிருந்தான். ஜாடி வாயைத் தோல் துண்டு வைத்துக் கட்டுவது வழக்கம். அதிபர் கொடுத்து அனுப்பிய பழைய தோல் அவனிடம் நிறைய இருந்தது. ஒன்றை அவிழ்த்து ஓட்மாரிடம் நீட்டினான். கொழுப்பு ஊறி மஞ்சளாகிப் போன தோலில், சிறிய அழகான எழுத்தில், வரிசையாகத் தேதிகள். ஒன்பது வரி. ஒன்பதிலும் ஒரே தேதி.

"உங்க கையெழுத்துதானே அண்ணே?"

ஓட்மார் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினார்.

ரூட்கர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "மூணு வருஷமாக் கேக்கணும்னு இருக்கேன். என்கிட்ட மட்டும் சொல்லுங்க. அன்னிக்குக் கணக்குக்காகத்தானே தின்னீங்க?"

ஓட்மார் நெடுநேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். கணக்கில் ஒரு எண் எங்கே பிசகியது என்று தேடும்போது அவர் நெற்றியில் விழும் அந்தப் பழைய சுருக்கம் கொஞ்ச நேரம் வந்து போனது.

"பசிச்சுதுடா ரூட்கர்" என்றார். "அவ்வளவுதான்."

பிறகு தோல் துண்டை ஜாடியின் வாயில் சரியாக வைத்து, ஓரங்களை மடித்து, எறும்பு புகாதபடி நூலை இறுக்கிக் கட்டினார்.